டிவி கேம் பெட்டியையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: 22 பயனுள்ள குறிப்புகள்

பனியன் வாங்கும்போது திருப்பூர்க்காரர்கள் வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாற மாட்டோம். உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையல் பிரிகிறதா, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழையபடி திரும்புகிறதா, துணி கைக்குக் கனமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். ஆனால் பிள்ளைகள் கேட்டார்கள் என்று டிவி கேம் வாங்கப் போனால் மட்டும், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூலம், ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம். நம் ஊர் வீடுகளுக்கு 1990களில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். என் தலைமுறை மரியோவையும் கான்ட்ராவையும் கற்றது அந்த நகல்களில்தான். ஆகவே நகல் என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நகலும் உண்டு, காசைக் கரியாக்கும் நகலும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாங்கப் போகும் முன்

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடையில் மூன்று வகை கிடைக்கும். கேசட் போட்டு டிவியில் ஆடும் பழைய மாடல் பெட்டி ஒன்று. கையடக்கத் திரையோடு '400 கேம்' என்று விற்பது இன்னொன்று. மூன்றாவது, டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் 'கேம் ஸ்டிக்'. ஸ்டிக் என்பது உண்மையில் ஒரு குட்டிக் கணினி. பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்தான் அதில் ஓடுகிறது. இவை தவிர, பழைய சிப்பின் வேலையை அச்சு அசலாகச் செய்யும் உயர்ரக நகல்களும் உலகச் சந்தையில் உண்டு. 2017இல் வந்த அனலாக் என்டி மினியின் விலை 449 டாலர். அது சேகரிப்பாளர்களுக்கானது, வீட்டுக்கு முதல் மூன்றில் ஒன்று போதும்.

2. எடையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பழுதான ஒரு பெட்டியை எங்கள் வீட்டுத் தரையில் வைத்து நானும் மகனும் திருப்புளியால் திறந்தோம். உள்ளே இருந்தது தீப்பெட்டி அகலத்தில் ஒரு பலகை, அதன் நடுவில் கறுப்புத் தார்ச் சொட்டு போல ஒரு சிப், ஓரத்தில் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. அந்த இரும்புக்கு எந்த வேலையும் இல்லை. கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. அசல் ஃபேமிகாமில் கணக்குப் போட ஒரு சிப், படம் வரைய ஒரு சிப் என்று தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சொட்டில் அடக்கிவிட்டதால்தான் நகல் இத்தனை மலிவு.

3. '9999 கேம்' என்பதை நம்ப வேண்டாம். கடையிலேயே பட்டியலில் 1, 51, 101, 151 என்று தாவித் தாவித் திறந்து பாருங்கள். ஒரே மரியோ நான்கு பெயர்களில் வரும். ஒன்று முதல் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்று நடுக்கட்டத்தில் தொடங்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்து மிஞ்சுவதுதான் உண்மையான எண்ணிக்கை. பெயர் மாறிய பழைய விளையாட்டுகளும் உண்டு. 'டேங்க் 1990' என்று நாம் ஆடியது, நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டியைத் திருத்தியது.

4. "கான்ட்ரா இருக்குங்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல விஷயங்களைச் சொல்லிவிடும். 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கும். ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி போன்றவையும் இதே போலச் சிறியவை. கான்ட்ராவுக்கு மட்டும் 128 கிலோபைட் வேண்டும். நினைவகத்தில் மிச்சம் பிடித்த பெட்டியில் சின்ன விளையாட்டுகளை மட்டுமே நிரப்பியிருப்பார்கள். கான்ட்ரா இருந்து, அது நிற்காமல் ஓடினால், அந்தப் பெட்டியில் கொஞ்சம் செலவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

5. '4கே' என்ற எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஃபேமிகாம் வரைந்த படம் 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். அதை எத்தனை பெரிய திரையில் காட்டினாலும் புள்ளிகள் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு புள்ளி கூட வராது. படம் கோணாமல், நிறம் வெளுக்காமல் இருந்தாலே போதும்.

கடையில் நிற்கும்போது

6. ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு கடையில் "எல்லாம் ஓடும், எடுத்துட்டுப் போங்கக்கா" என்றார்கள். "ஒரு தடவை டிவியில போட்டுக் காட்டிருங்கண்ணா" என்றேன். முதல் பெட்டி ஓடவில்லை, இரண்டாவதில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை, மூன்றாவதைத்தான் வாங்கினேன். அன்றைக்குக் கூச்சப்பட்டிருந்தால் முதல் பெட்டிதான் வீட்டுக்கு வந்திருக்கும்.

7. ஜாய்ஸ்டிக்கை மரியோவில் சோதியுங்கள். தரத்தில் பாதி ஜாய்ஸ்டிக்கில்தான் இருக்கிறது. ஓடும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே குதிக்கும் பட்டனையும் தட்டுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். மரியோ தானாக ஓர் அடி நகர்ந்தாலும் வேண்டாம். வலது பக்கம் அழுத்திப் பிடித்திருக்கும்போது அவன் நின்று நின்று போனால், திசைப் பட்டனின் ரப்பர் சரியாக உட்காரவில்லை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் இதே போலப் பாருங்கள். பலரும் அதை மறந்துவிட்டு, அண்ணன் தம்பி சண்டையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

8. கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். அசல் சிப்பில் ஐந்து ஒலித்தடங்கள் உண்டு. பல நகல் சிப்களில் இரண்டு தடங்களின் அலை வடிவம் இடம் மாறிக் கிடக்கும்; அதனால் தெரிந்த மெட்டே மூக்கடைத்ததுபோல, கரகரப்பாக வரும். சிறு வயதில் மரியோ ஆடியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். முதல் பத்து நொடியில் அவர் சொல்லிவிடுவார்.

9. பிளக்கின் ஊசிகளை எண்ணுங்கள். நகல் பெட்டிகளின் ஜாய்ஸ்டிக் பிளக் பெரும்பாலும் 9 ஊசி, சிலவற்றில் 15 ஊசி, அமெரிக்க மாடலில் 7. கேசட்டிலும் ஜப்பான் மாடலுக்கு 60 ஊசி, அமெரிக்க மாடலுக்கு 72. நம் ஊரில் புழங்குவது 60 ஊசி கேசட். கூடுதலாக ஏதாவது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஊசி ஒத்துப்போனாலும் உள் இணைப்பு மாறியிருக்கலாம். செருகி ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

10. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ கேம், 2012ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே இருக்கிறது. பெட்டியிலும் அடாப்டரிலும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். எண்ணே இல்லாத அடாப்டரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

11. பில் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் எல்லாப் பட்டன்களையும் சோதித்துவிடுங்கள். கடைக்காரர் பேச மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இருந்தால்தான் அங்கேயும் பேச்சு எடுபடும்.

வீட்டில் இணைக்கும்போது

12. அடாப்டரை மாற்றிச் செருகிவிடாதீர்கள். அசல் ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். அதன் நடு ஊசி மைனஸ். நகல்களில் 9 வோல்ட்டும் உண்டு, 5 வோல்ட்டும் உண்டு. நம் வீடுகளில் கிடக்கும் வைஃபை மோடம் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடு ஊசி பிளஸ். பிளக் பொருந்துகிறதே என்று என் மகன் அதைச் செருகியபோது ஒரு பெட்டி ஒரே நொடியில் போனது. அடாப்டரின் ஸ்டிக்கரில் நடுப்புள்ளியோடு சேர்ந்த குறி பிளஸ்ஸா மைனஸா என்று பாருங்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு அடாப்டர் வயரிலும் ஒரு பனியன் துண்டைக் கட்டி, எதற்குரியது என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம்.

13. ஸ்டிக்குக்குத் தனி சார்ஜர் கொடுங்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பல ஸ்டிக்குகள் நடுவில் அணைந்து அணைந்து எரியும். அந்தத் துளையிலிருந்து வருவது பெரும்பாலும் அரை ஆம்பியர்தான். பழைய செல்போனின் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

14. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்படாதீர்கள். மஞ்சள் முனை படத்துக்கு, வெள்ளை முனை ஒலிக்கு. இரண்டும் சரியாக இருந்தும் நிறம் வராவிட்டால், டிவியின் மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் 'பால்', 'என்டிஎஸ்சி' இரண்டையும் மாற்றிப் பாருங்கள். நம் நாட்டு முறை பால். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி.

15. விளையாட்டு மெதுவாகத் தோன்றினால் அது உங்கள் பிரமை அல்ல. ஜப்பான் டிவி நொடிக்கு 60 முறை படம் காட்டியது, நம் டிவி 50 முறை. அந்தக் கணக்குக்கு விளையாட்டைச் சரிசெய்யாத பெட்டியில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். முதன்முதலாக ஆடும் குழந்தைக்கு இது தெரியாது. பழைய வேகம் கையில் பழகிய அப்பாவுக்குத் தெரியும். அவருக்காக வாங்குவதானால் 60 முறை ஓடும் ஸ்டிக்கைப் பாருங்கள்.

16. டிவியில் 'கேம் மோடு' போடுங்கள். பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்து மரியோ குதித்தால், குற்றம் பெரும்பாலும் டிவியுடையது. படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது நேரம் எடுத்துக்கொள்கிறது. கேம் மோடில் அந்த வேலை குறையும். கூடவே படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். இல்லாவிட்டால் மரியோ குண்டாகத் தெரிவான்.

17. துப்பாக்கி விளையாட்டுக்காக வாங்குவதானால் பரணைப் பாருங்கள். 1984இல் வந்த டக் ஹன்ட்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் உள்ள கண் பார்த்துவிட்டால், அடி விழுந்ததாகக் கணக்கு. குண்டு டிவியில் அந்தச் சதுரம் உடனே தோன்றும், எல்இடி டிவியில் தாமதமாகத் தோன்றும். அதனால் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது. 2006 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச வண்ண டிவி பரணில் கிடந்தால், ஏவி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் இந்த விளையாட்டுக்கு ஏற்ற டிவி. அப்படி ஒரு குண்டு டிவி இல்லாத வீட்டில் துப்பாக்கி செட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

நீண்ட நாள் உழைக்க

18. கேசட்டை வாயால் ஊதாதீர்கள், பனியன் வேஸ்ட்டாலும் துடைக்காதீர்கள். ஊதும்போது போகும் எச்சில் ஈரம் நாளடைவில் ஊசியைக் களிம்பு பிடிக்க வைக்கும். நம் ஊருக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. நிட்டிங் கம்பெனி பக்கத்தில் இருக்கிற வீட்டிலும், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற வீட்டிலும் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். கேசட் துளைக்குள் படிந்து இணைப்பைக் கெடுக்கும். எந்திரம் துடைக்க நாம் எடுக்கும் பனியன் வேஸ்ட் இன்னும் கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுவிட்டு வரும். காது துடைக்கும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, கேசட்டின் பித்தளை நிறப் பற்களை நீளவாக்கில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். துளைக்குள் மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். ஆடாத நேரத்தில் பெட்டி மேல் ஒரு துணி உறை போட்டு வையுங்கள். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் பெட்டியோடு வைத்தால் ஈரம் ஏறாது. குழந்தைகள் வாயில் போடாத உயரத்தில் வையுங்கள்.

19. பட்டன் அழுந்தாவிட்டால் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் உள்ளே ரப்பர் மெத்தை இருக்கும். அதன் கறுப்புப் புள்ளிகளையும், அவை தொடும் பலகையையும் அதே ஆல்கஹால் பட்ஸால் மெல்லத் துடைத்து உலர்த்திப் பூட்டுங்கள். அரை மணி நேர வேலை. அழுக்கால் நின்ற பட்டன் இதிலேயே உயிர் பெறும். ஆனால் அந்தக் கறுப்புச் சொட்டு சிப் போய்விட்டால் எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

20. கையடக்கப் பெட்டியின் பேட்டரியைக் கவனியுங்கள். மூடியைத் திறந்தால் பலவற்றில் இருப்பது பிஎல்-5சி, அதாவது நோக்கியா 1100இல் போட்ட அதே அளவு. அதனால் மாற்று பேட்டரி செல்போன் கடையிலேயே கிடைக்கும். தரமானதை வாங்குங்கள். சூடாகும் ஆபத்து உண்டு என்று நோக்கியாவே 2007 ஆகஸ்டில், தனக்கு ஒரு நிறுவனம் செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகளைப் பற்றி எச்சரித்தது. இரவு முழுவதும் சார்ஜில் போடாதீர்கள். உப்பிய பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். குப்பையில் எரிக்காமல், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

காசும் நேர்மையும்

21. உரிமம் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெட்டியின் வடிவமைப்புக்கான காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, விளையாட்டுகளின் பதிப்புரிமை முடியவில்லை. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை உள்ளே போட்டு மலிவாக விற்பவற்றில் பெரும்பாலானவை உரிமம் இல்லாதவை. நம் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆகவே வீட்டுத் திண்ணையில் இதை வைத்து மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் யோசனை வேண்டாம். நேர்மையான வழியும் இருக்கிறது. கான்ட்ராவின் பழைய பாகங்களை அதன் உரிமையாளரான கொனாமியே 2019இல் ஒரே தொகுப்பாகக் கணினிக்கும் வெளியிட்டது. வீட்டில் கணினி இருந்தால், தள்ளுபடி நாளில் அதை வாங்கி, ஒரு நல்ல யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்கும் போட்டுக்கொள்ளலாம். நம் பின்னலாடை டிசைனை இன்னொருவர் திருடினால் நமக்கு வலிக்கிறதல்லவா? இங்கேயும் அதே நியாயம்தான்.

22. விலையை ஆடும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பெட்டி ஆண்டு விடுமுறை முழுவதும் இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து உட்கார வைத்தால் அது லாபம். ஆயிரக்கணக்கில் கொடுத்த ஸ்டிக் இரண்டே நாளில் மூலைக்குப் போனால் அது நஷ்டம். '10,000 விளையாட்டு' இருக்கும் வீட்டில் பிள்ளைகள் பட்டியலைப் புரட்டியே சலித்துப் போகிறார்கள். 30 நல்ல விளையாட்டு இருந்தால் ஒன்றையாவது கடைசிக் கட்டம் வரை ஆடுகிறார்கள். நின்டென்டோவே 2016 நவம்பரில் தன் பழைய பெட்டியைச் சிறிதாக்கி மீண்டும் விற்றபோது அதில் போட்டது 30 விளையாட்டுகள்தான்.

என் தீர்ப்பு இது. கெட்டியான ஜாய்ஸ்டிக், பதிவு எண் உள்ள அடாப்டர், உண்மையாகவே வேறு வேறான முப்பது நாற்பது விளையாட்டு, கையில் பில். இந்த நான்கும் இருந்தால் நகல் பெட்டி கொடுத்த காசுக்குத் தகும். ஒன்று குறைந்தாலும் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்து வாங்கும் பொருள் இது. பனியனைத் திருப்பிப் பார்க்கும் அதே கண்ணோடு இதையும் திருப்பிப் பாருங்கள். வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை நீங்களே எடுத்துப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.